மூத்த கிளையின் மகள்

ஊருக்குள் நுழையும் சாலையில் அந்தப் பெரிய பலகையை நட்டபோது ஹெஸ்டர் பியூக்கிஸுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பலகையில் பாதியை அவள் முகமே அடைத்திருந்தது. தலைத்துணி, உயர்ந்த கன்ன எலும்பு, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். கீழே, "மனிதகுலத்தின் மூத்த கிளையின் மகள் உங்களை வரவேற்கிறாள்" என்று ஆஃப்ரிகான்ஸிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். எங்கள் நாமா சனத்தின் மொழியில் எழுத இடம் போதவில்லையாம்.

நான் அப்போது எங்கள் ஊரான க்ரூட்புட்ஸில் பள்ளிக்கூட ஆசிரியை. ஹெஸ்டர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி மட்டும்தான். அதனால் நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொல்லக் கேட்டேன்.

ஹெஸ்டருக்கு மருத்துவமனையில் வேலை. நர்ஸ் இல்லை, வீடு வீடாகப் போய்க் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், பிள்ளை பெற்றவளுக்குத் துணையாகப் படுத்துக்கொள்வாள். செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த புருஷன் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கேப் டவுனில் இருந்தாள். நாமா, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் மூன்றும் ஹெஸ்டருக்குச் சரளம். ஆனால் நாமாவைச் சின்ன வயதில் ஒளித்துத்தான் பேசியிருக்கிறாள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் நாக்கைச் சொடுக்கி நாமாவில் ஒரு வார்த்தை பேசினால் புறங்கையில் அடி விழும். வெளியூர் போனால் "புஷ்மன் குட்டி" என்று, காட்டுவாசி என்ற அர்த்தத்தில், கேலி செய்வார்கள். அவள் அம்மாவே, "யார் கேட்டாலும் கலப்பினம்னு சொல்லு, நாமான்னு வாயத் திறக்காத" என்று சொல்லி வளர்த்தவள்தான்.

கேப் டவுன் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பேராசிரியர் டிரேயர் வந்தபோது, வயதான மேய்ப்பர்களிடம் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது. ஹெஸ்டர் போனாள். மரபணு ஆராய்ச்சி என்றார்கள். சின்னக் குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரர்கள் செத்தவர்களின் மண்டையோட்டைத் தோண்டிப் பெட்டியில் கட்டிக்கொண்டு போன கதையெல்லாம் எங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுவதுதான். ஹெஸ்டர்தான் எல்லோர் முன்னாலும் முதல் குழாயை வாங்கித் துப்பினாள். "என் எச்சில் போனா உங்க எச்சிலும் போகட்டும்" என்றாள். அவள் கையால் மருந்து குடித்தவர்கள் அவளை நம்பித்தான் வரிசையில் நின்றார்கள்.

டிரேயர் திரும்பி வந்தது வெகுநாள் கழித்து. பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டார். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் ஒரு இழை உடம்பில் இருக்கிறது. உலகத்தில் அந்த இழையின் மிகப் பழைய கிளை இந்த வறண்ட நாட்டு மக்களிடம்தான் அதிகம். ஆகவே இன்றைய மனிதர் அத்தனை பேரும் இரண்டு லட்சம் வருஷத்துக்கு முன் இங்கேதான் உருவாகி, இங்கிருந்துதான் பரவினார்கள் என்பது அவர் கொள்கை. ஹெஸ்டர் அதை நாமாவில் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

பின்வரிசையில் ஒரு கிழவர், "அப்போ வெள்ளைக்காரனும் நம்ம பிள்ளையா?" என்று கேட்டார்.

"நம்ம பிள்ளைதான் மாமா. வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை" என்றாள் ஹெஸ்டர். மண்டபமே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டது. பக்கத்து நகரமான ஸ்பிரிங்பாக்கின் கடைகளில் குனிந்து நின்று சாமான் வாங்குகிறவள், கவுண்டரில் கையூன்றி நிமிர்ந்து நின்று கேட்டாள். நாங்கள் எல்லோருமே கொஞ்சம் நிமிர்ந்தோம், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழகம் தயாரித்துக் கொடுத்த படத்தை வைத்துப் பலகையை நட்டது அவள் அண்ணன் ஈசாவ். ஊர்ப் பொது நிலத்தையும் தண்ணீரையும் பங்கிடும் மேய்ச்சல் குழுவின் தலைவர். பேச்சில் கெட்டிக்காரர், கைராசிக்காரர், ஒருத்தருக்கு ஒன்று என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு முதலில் நிற்பவர். சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கின. பெண்கள் கரியில் சுட்ட ரொட்டி விற்றார்கள். ஈசாவ் பயணிகளுக்கு இரண்டு லட்சம் வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிப்பார். சொல்லச் சொல்ல அந்தக் கதை அவருக்குள் இறுகிப்போனது.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. மேற்குச் சரிவில் ஒரு ஊற்று மட்டும் வற்றாமல் இருந்தது. அதன் பக்கத்தில் டாவிட் செப்டம்பரின் பட்டி. நாலு தலைமுறையாக அந்தக் குடும்பம் அங்கேதான் ஆடு வளர்க்கிறது. அவன் மனைவி நாமாக்காரி, பிள்ளைகள் எங்கள் மொழி பேசுகிறவர்கள். ஆனால் மாதத்தின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பவர்கள் யார் வழி வந்தவர்கள் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய அடிமைகளுக்கு எசமானர்கள் வைத்த பெயர் அது. தெரிந்திருந்தும் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

மேய்ச்சல் குழுக் கூட்டத்தில் ஈசாவ்தான் முதலில் வாயைத் திறந்தார். "மூத்த கிளைக்கு முதல் தண்ணி" என்றார். சிலர் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

ஹெஸ்டர் அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாள். டாவிட்டின் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். ஈசாவ் கோபப்படவேயில்லை. "நானா சொல்றேன்? சயின்ஸ் சொல்லுது. உன் மூஞ்சிதானே பலகைல இருக்கு, பெருமையா இருக்கக் கத்துக்கோ" என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தாராம்.

இந்தச் சமயத்தில்தான் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து டாக்டர் மொலேஃபி என்ற இளம் ஆராய்ச்சியாளர் டிரேயரின் கொள்கையை மறுத்து எழுதினார். பத்திரிகையில் அது வந்ததும் ஈசாவ் கொதித்தார். டிரேயர் நிதானமானவர். ஊர்க்காரர்கள் முன்னாலேயே நாங்கள் இருவரும் பேசுகிறோம், நீங்களே கேளுங்கள் என்று சொல்லியனுப்பினார். தன் கட்சிதான் ஜெயிக்கும் என்ற நம்பிக்கையில் ஈசாவ் ஒப்புக்கொண்டார். அதே கூட்டத்தில் ஊற்றுத் தண்ணீர் முடிவையும் எடுத்துவிடலாம் என்று அவரே சேர்த்துக்கொண்டார். மொழிபெயர்க்க ஹெஸ்டர்.

டிரேயர் இரண்டு நாள் முன்னதாகவே வந்து வழக்கம்போல ஹெஸ்டர் வீட்டில் தங்கினார். அடுத்த நாள் காலையில் ஹெஸ்டர் மாவு பிசைந்துகொண்டே கேட்டிருக்கிறாள்: மூத்த கிளையிலேயே உட்கிளைகள் பல உண்டு என்கிறீர்களே, என்னுடையது எது? கூட்டத்தில் சொன்னால் சனங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

டிரேயர் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் பிசைவதை நிறுத்திவிட்டு, "என்ன ப்ரொஃபஸர்?" என்றாள்.

பிறகு சொன்னாராம். உன் இழை அந்தக் கிளையில் இல்லை ஹெஸ்டர். ஆப்பிரிக்காவில் இருக்கிற எந்தக் கிளையிலும் இல்லை. இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் அதிகம் காணப்படுகிற ஒன்று. அந்தக் காலத்து டச்சு வணிகக் கம்பெனியின் கப்பல்களில் அந்தக் கரையிலிருந்து அடிமைகளைக் கேப் டவுனுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் யாரோ ஒரு பெண், அவள் மகள், அந்த மகளின் மகள் என்று உன் அம்மா வரைக்கும். மற்ற வழிகளில் உன் முன்னோர்கள் நாமாக்கள்தான், அதில் சந்தேகமில்லை. இந்த ஒரு இழை மட்டும் அப்படி.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று ஹெஸ்டர் கேட்டிருக்கிறாள்.

"முதல் ஆய்வு முடிஞ்சப்பவே."

"பலகை வைக்கறதுக்கு முன்னாடியா?"

டிரேயர் ஆமாம் என்றார்.

ஹெஸ்டர் மாவைத் துணியால் மூடிவிட்டு வெளியே வந்தாள். நான் வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் கை முழுக்க மாவு. கழுவவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அன்று என்னிடம் எதையும் சொல்லவில்லை. தலைவலி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஆற்றங்கரைப் பட்டிகளிலிருந்துகூட வந்திருந்தார்கள். மேடையில் ஒரு பக்கம் டிரேயர், மறுபக்கம் மொலேஃபி, நடுவில் ஹெஸ்டர். டிரேயர் தன் வாதத்தைச் சுருக்கமாகவே சொன்னார். அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. மொலேஃபி எழுந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடியை அடிக்கடி ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் சொன்னது இது: தாய்வழி இழை ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று. உங்கள் அப்பாவின் அம்மாவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இன்று ஒரு சனம் இங்கே இருக்கிறது என்பதால் இரண்டு லட்சம் வருஷத்துக்கு முன் அவர்களின் முன்னோரும் இங்கேதான் இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. மனிதர்கள் நடந்துகொண்டே இருப்பவர்கள். மொராக்கோவில், எத்தியோப்பியாவில், இதே நம் நாட்டில், கிட்டத்தட்ட நம்மைப் போன்ற பழைய எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஆகவே மனிதன் ஒரே வீட்டில் பிறந்தவன் அல்ல. ஆப்பிரிக்கா முழுக்கப் பல வீடுகள். மழை பெய்த காலத்தில் ஒன்றோடொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்து, வறண்ட காலத்தில் பிரிந்து, மறுபடி சேர்ந்து, அப்படித்தான் நாம் உண்டானோம்.

ஹெஸ்டர் அதைத் துளியும் குறைக்காமல் நாமாவில் சொன்னாள். ஈசாவ் முன்வரிசையிலிருந்து குறுக்கிட்டார். "அவர் சொன்னது நாலு வரி. நீ நாப்பது வரி சொல்றே. உன் சரக்கையும் கலக்கிறியா?"

"நம்ம பாஷைல இதுக்கெல்லாம் ஒத்தை வார்த்தை கிடையாதுண்ணே. வேணும்னா நீங்க வந்து சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. விடுதிப் பள்ளியில் படித்த ஈசாவுக்கு நாமா தட்டுத்தடுமாறித்தான் வரும்.

டிரேயர் மறுத்தார். எலும்பு கிடைத்தது என்பதால் அந்த எலும்புக்காரனுக்குப் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று ஆகிவிடாது. எல்லா இழைகளையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் முதலில் பிரிந்தது இந்தக் கிளைதான்; மரம் என்று ஒன்று இருந்தால் வேர் எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தானே வேண்டும் என்றார். மொலேஃபி, மரம் என்று நினைத்தால்தான் வேரைத் தேட வேண்டியிருக்கிறது என்றார். அதற்கு டிரேயர் ஒன்று சொல்ல, மொலேஃபி ஒன்று சொல்ல, இருவரும் ஆங்கிலத்தில் வேகமாகப் போனார்கள். ஹெஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

ரொட்டி விற்கும் பெண்களில் ஒருத்தி எழுந்து, இதில் எது உண்மை என்று நாங்கள் யாரிடம் கேட்பது என்றாள். இன்னும் நிறைய ஆராய வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஈசாவ் மேடையேறினார். "படிச்சவங்க அடிச்சுக்கட்டும். நமக்கு ஒண்ணு நிச்சயம். இந்த மண்ணுல முளைச்சவங்க இருக்காங்க, கப்பல்ல வந்து இறங்கினவங்க இருக்காங்க. ரெண்டும் ஒண்ணாகாது. ஊத்துத் தண்ணி யாருக்குங்கறத அதை வச்சு முடிவு பண்ணலாம். கை தூக்குங்க."

கதவோரம் நின்றிருந்த டாவிட் செப்டம்பர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடக்கத் திரும்பினான்.

"இருங்க டாவிட்" என்றாள் ஹெஸ்டர். நாமாவில்தான் சொன்னாள். பிறகு அண்ணனைப் பார்த்து ஆஃப்ரிகான்ஸில், அவருக்கு நன்றாகப் புரியும்படி: "நம்ம அம்மாவோட இழையும் கப்பல்லதான் வந்துச்சுண்ணே."

ஈசாவ் அவள் பக்கம் திரும்பினார்.

"யார் சொன்னது?"

"ப்ரொஃபஸர்தான். நேத்து, என் அடுப்படில."

எல்லோரும் டிரேயரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். உண்மைதான் என்றார். பலகைக்கான படத்தைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் யாரோ முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், முடிவு வந்த பிறகு மாற்றியிருக்க வேண்டும், ஒருத்தர் முடிவை ஊருக்குச் சொல்லக்கூடாது என்று விதியும் இருந்தது, முகம் பொருத்தமாக இருந்தது, நான் விட்டுவிட்டேன் என்றார். ஹெஸ்டர் அதையும் மொழிபெயர்த்தாள். "முகம் பொருத்தமா இருந்துச்சாம்" என்று நாமாவில் சொன்னாள். மாத்திரை எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரல்.

அதன் பிறகு தன் பேச்சாக ஒன்றைச் சொன்னாள். "இந்த டாக்டர் சொல்றதும் அந்த ப்ரொஃபஸர் சொல்றதும் ஒரு விஷயத்துல சேருது. எல்லாரும் இந்தக் கண்டத்துலேர்ந்துதான் போனாங்க. எங்க அம்மாவைப் பெத்த வழியில ஒருத்தி என்னைக்கோ இங்கேர்ந்து இந்தியா வரைக்கும் நடந்து போயிருக்கா. அவ பேத்தியோட பேத்தி யாரையோ சங்கிலில கட்டித் திருப்பிக் கொண்டாந்து இறக்கியிருக்காங்க. அவளுக்கு முதல் தண்ணியா, கடைசித் தண்ணியா? நீங்களே சொல்லுங்க, நான் கை தூக்கறேன்."

யாரும் கை தூக்கவில்லை. ஈசாவ் மேடையிலிருந்து இறங்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாராம்: "அம்மாவ ஊர் நடுவுல வச்சு அடிமைன்னு சொல்லிட்டே."

நல்லது நடக்கும் என்று நினைத்தேன். மறுநாள் டாவிட் வேலியோரம் வந்தபோது நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றவில்லை. "எனக்காகப் பேசினேன்னு நினைச்சுடாத ஹெஸ்டர்" என்றான். "என் தாத்தா தோண்டின ஊத்து அது. நான் இங்க இருக்கறதுக்கு உங்கம்மா எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு எதுக்குச் சொல்லணும்? நீ சொல்லாம இருந்திருந்தா அப்ப எனக்குத் தண்ணி கிடையாதா?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. குழு அடுத்த மாதம் ஊற்றை எல்லோருக்கும் பொது என்று முறை வைத்தது. அதற்குள் டாவிட் ஆடுகளில் பெரும்பங்கை ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வழியில் பல ஆடுகள் செத்தன.

ஹெஸ்டர் தன் எச்சில் குழாயைத் திருப்பிக் கேட்டாள். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். டிரேயரின் ஆய்வு பாதியில் நின்றது. எந்தக் குற்றமும் செய்யாத மொலேஃபிக்கும் அதன் பிறகு எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் ஒருமுறை ஹெஸ்டருக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லப் பார்த்தார். அது ஆயிரத்தில் ஒரு இழைதான், மற்றதெல்லாம் நீங்கள் நினைத்தபடிதான் என்றார். "தெரியும் டாக்டர். நான்தானே மொழிபெயர்த்தேன்" என்றாள்.

பலகையை எடுக்க ஈசாவ் சம்மதிக்கவில்லை. யார் எழுதினார்கள் என்று தெரியாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது பார்த்தோம். அவள் நெற்றியில் கரியால் "கூலி" என்று எழுதியிருந்தது. இந்த நாட்டில் இந்தியர்களைத் திட்டும் சொல். ஹெஸ்டர் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்து பாடினாள். பிறகு மருத்துவமனைக் கொட்டகையிலிருந்து வெள்ளைப் பெயிண்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு, என்னை ஏணி பிடிக்கச் சொல்லி, தன் முகத்தைத் தானே பூசி அழித்தாள். கண்ணிலிருந்து தொடங்கினாள். எழுத்துகளை விட்டுவிட்டாள். ரொம்ப நாள் அந்தப் பலகை வெறும் வெள்ளையோடு எல்லோரையும் வரவேற்றுக்கொண்டு நின்றது.

நான் ஏன் அழித்தாய் என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "அந்தப் படத்தைப் பார்த்தப்போ எங்கம்மா செத்தும் ஜெயிச்சுட்டான்னு நினைச்சேன். இப்போ அதே படத்தைப் பார்த்தா அம்மா மறுபடி எதையோ ஒளிச்சுக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே தேவாலயம், ஒரே கடை, வேறு வேறு வரிசை. பேருந்துகள் குறைந்தன. ஈசாவ் தலைவர் பதவியை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. சர்க்கரை நோய் முற்றி இடது காலில் புண் வந்தது. மருத்துவமனையில் வாரம் இருமுறை வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றச் சொன்னார்கள். அந்தத் தெரு ஹெஸ்டரின் பொறுப்பில் இருந்தது. வேறு ஆளை அனுப்பவா என்று சிஸ்டர் கேட்டபோது வேண்டாம் என்று போனாள்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். இவள் மண்டியிட்டுப் பழைய கட்டைப் பிரிப்பாள், கழுவுவாள், மருந்து வைப்பாள், புதுக் கட்டுச் சுற்றுவாள். ஒரு குளிர்காலம் முழுக்க இப்படி நடந்தது. வலித்தாலும் அவர் முனகமாட்டார். வலிக்கிறதா என்று இவள் கேட்கமாட்டாள். மற்ற எல்லா வீடுகளிலும் கேட்பவள்தான்.

மழை இறங்கிய ஒரு நாள், கட்டு முடிச்சைப் போடும்போது, சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டாராம். "அம்மாவோட அம்மா பேரு என்ன?"

"லேயா."

"அவங்க அம்மா?"

ஹெஸ்டர் கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்தாள். "தெரியலண்ணே" என்றாள்.

அவள் பழைய கட்டுத் துணியைப் பொட்டலமாகச் சுருட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதால், மழையிலேயே கிளம்பிவிட்டாள்.